எந்த கான்ஃபரன்ஸ் பெருசு? ஓர் ஐம்பது வருஷச் சண்டை

மார்ச் மாசம் பிறந்துட்டா அமெரிக்க ஆபீஸ்கள்ல பாதி வேலை நடக்காது. கல்லூரிக் கூடைப்பந்துக்கான தேசியப் போட்டி அப்போதான். ஆளாளுக்கு ஒரு தாளில் யார் யாரை ஜெயிப்பார்கள் என்று கடைசி வரைக்கும் எழுதி, அஞ்சு டாலரோ பத்து டாலரோ கட்டி, சுவரில் ஒட்டிவிட்டுக் காத்திருப்பார்கள். அந்தத் தாளுக்கு பிராக்கெட் என்று பெயர். நானும் பல வருஷம் எழுதியிருக்கேன். ஒரு தடவைகூடக் காசு திரும்பி வந்ததில்லை, அது வேற கதை.

நான் சொல்ல வந்தது அந்தத் தாளைச் சுத்தி நடக்கிற சண்டையைப் பத்தி. அப்போ நான் வடக்கு கரோலினா மாநிலத்தின் ராலே நகரில் வேலை பார்த்தேன். பக்கத்து மேசையில் ஒரு பெரியவர், மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் படித்தவர். எதிர்ப்பக்கம் கனெக்டிகட்டில் படித்த ஒரு சின்னப் பையன். ரெண்டு பேருக்கும் தினமும் ஒரே வாக்குவாதம்: "ஏசிசி பெருசா, பிக் ஈஸ்ட் பெருசா?" எனக்கு ஆரம்பத்தில் தலையும் புரியலை, வாலும் புரியலை. யார் ஜெயிக்கிறான்னு பார்க்கிறதை விட்டுட்டு, எந்தக் கூட்டம் பெருசுன்னு எதுக்கய்யா சண்டைன்னு நினைப்பேன். கொஞ்சம் கொஞ்சமா உட்கார்ந்து படிச்சப்பதான் இந்தக் கேள்விக்குள்ளே ஒரு பெரிய வரலாறே இருக்குன்னு தெரிஞ்சது.

முதலில் ஒரு விளக்கம். கான்ஃபரன்ஸ்னா இங்கே மாநாடு இல்லீங்க. பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற பல்கலைக்கழகங்கள் எட்டோ பத்தோ சேர்ந்து, வருஷா வருஷம் தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் கூட்டணி. அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ், சுருக்கமாக ஏசிசி, 1953-ல் உருவானது. வடக்கு கரோலினா, டியூக், என்சி ஸ்டேட், வேக் ஃபாரஸ்ட் நாலும் ஒரே மாநிலம். அதிலும் வடக்கு கரோலினாவுக்கும் டியூக்குக்கும் நடுவில் சுமார் 10 மைல்தான். பங்காளிச் சண்டைக்கு இதைவிட வசதி வேணுமா? அப்போது மேரிலாந்தும் இதே கூட்டணியில்தான் இருந்தது.

தேசியப் போட்டியை நடத்துவது என்சிஏஏ என்ற அமைப்பு. அந்தக் காலத்தில் ஒரு கான்ஃபரன்ஸிலிருந்து ஒரே ஓர் அணிக்குத்தான் அதில் இடம். அந்த ஒன்று யார் என்பதை ஏசிசி எப்படி முடிவு செய்தது தெரியுமா? சீசன் முழுக்க ஆடியதைப் பார்த்து இல்லை. சீசன் முடிந்ததும் மூணே நாளில் நடக்கும் ஒரு கான்ஃபரன்ஸ் போட்டி, அதில் ஜெயித்தவருக்குச் சீட்டு. 1970-ல் சவுத் கரோலினா அணி கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள் 14-லும் வென்றது. ஒரு தோல்வி கிடையாது. கடைசியில் அந்தப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் என்சி ஸ்டேட்டிடம் 42-39 என்று இரண்டு கூடுதல் நேரங்களுக்குப் பிறகு தோற்றது. அவ்வளவுதான், என்சிஏஏவுக்குப் போகலை. அடுத்த வருஷமே சவுத் கரோலினா ஏசிசியை விட்டு வெளியேறிவிட்டது. (இந்தப் பேரைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்குங்க.)

ஆனால் எங்க பெரியவருக்கு ஆறாத புண் 1974 மார்ச் 9. கிரீன்ஸ்பரோ நகரில் ஏசிசி இறுதி ஆட்டம். ஒரு பக்கம் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த என்சி ஸ்டேட். டேவிட் தாம்ப்சனும், ஏழடிக்கும் மேலான டாம் பர்ல்சனும். மறுபக்கம் 4-ஆம் இடத்தில் இருந்த மேரிலாந்து. லென் எல்மோர், டாம் மெக்மில்லன், ஜான் லூகாஸ். மூணு புள்ளி எறிதல் என்பதே அப்போது கிடையாது. இத்தனை நொடிக்குள் எறியணும் என்ற கடிகாரமும் கிடையாது. முன்னால் இருக்கிறவன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டே நேரத்தைக் கடத்தலாம். அப்படியிருந்தும் ரெண்டு அணியும் நூறைத் தாண்டின. கூடுதல் நேரத்தில் என்சி ஸ்டேட் 103, மேரிலாந்து 100. பர்ல்சன் மட்டும் 38 புள்ளிகள்.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். என்சி ஸ்டேட் என்சிஏஏ போட்டிக்குப் போய், அதற்கு முன் தொடர்ந்து ஏழு வருஷம் சாம்பியனாக இருந்த யுசிஎல்ஏவை அரையிறுதியில் இரண்டு கூடுதல் நேரம் ஆடி வீழ்த்தியது, பிறகு கோப்பையையும் எடுத்தது. அந்த அணியை மூணு புள்ளி வித்தியாசம் வரை இழுத்த மேரிலாந்து? வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்தது. அன்று தேசியப் போட்டிக்குப் போனவை 25 அணிகள். நாட்டில் நாலாவது நல்ல அணிக்கு அந்த 25-ல் இடமில்லை!

இந்த ஓர் ஆட்டம்தான் சட்டத்தை மாத்தினதுன்னு சொல்வாங்க. இந்த ஒன்று மட்டும் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். சவுத் கரோலினா மாதிரிப் புலம்பல்கள் ஏற்கனவே நிறைய சேர்ந்திருந்தன. ஆனால் 1975-ல் போட்டி 32 அணிகளாக விரிந்தது, ஒரு கான்ஃபரன்ஸிலிருந்து இரண்டாவது அணியும் போகலாம் என்றானது. அந்த வருஷம் மேரிலாந்து போனது, கடைசி எட்டு வரைக்கும் ஆடியது. 1980-ல் 48 அணிகள், ஒரு கான்ஃபரன்ஸுக்கு இத்தனைதான் என்ற வரம்பும் போச்சு. 1985-ல் 64.

இங்கேதான் நம்ம கேள்வி பிறக்குது, கவனிச்சீங்களா? ஒரு கூட்டணிக்கு ஒரு சீட்டு என்று இருந்தவரை எந்தக் கூட்டணி பெரியது என்பது வெறும் டீக்கடைப் பேச்சு. வரம்பு போனதும் அது சோத்துப் பிரச்சினை ஆகிவிட்டது. உன் கான்ஃபரன்ஸில் ஆறாவதாக வந்தவன் நல்லவனா, என் கான்ஃபரன்ஸில் நாலாவதாக வந்தவன் நல்லவனா? ஒரு கமிட்டி உட்கார்ந்து முடிவு செய்யணும். பிற்காலத்தில் பணமும் இதோடு சேர்ந்துகொண்டது. போட்டியில் உங்க அணி ஆடும் ஆட்டங்களைக் கணக்கிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கு, ஆறு வருஷத்துக்கு உங்க கான்ஃபரன்ஸுக்கு வந்துகொண்டிருக்கும்.

இந்த நேரம் பார்த்துத்தான் 1979-ல் பிக் ஈஸ்ட் பிறந்தது. பிராவிடன்ஸ் கல்லூரியில் பயிற்சியாளராக இருந்த டேவ் கேவிட் என்பவரின் மூளை. ஜார்ஜ்டவுன், செயின்ட் ஜான்ஸ், சிரக்யூஸ், பிராவிடன்ஸ், பாஸ்டன் காலேஜ், சீட்டன் ஹால், கனெக்டிகட் என்று வடகிழக்கு நகரங்களின் பல்கலைக்கழகங்களைச் சேர்த்தார். அடுத்த வருஷம் வில்லனோவா, 1982-ல் பிட்ஸ்பர்க். கேவிட்டின் கணக்கு ரொம்ப எளிமையானது: நியூயார்க், பாஸ்டன், வாஷிங்டன், ஃபிலடெல்ஃபியா எல்லாம் சேர்ந்தால் எத்தனை வீட்டு டிவி! அதே 1979-ல் கனெக்டிகட் மாநிலத்திலேயே ஈஎஸ்பிஎன் என்ற சேனலும் ஆரம்பித்தது. அவர்களுக்கு நாள் பூரா காட்ட ஏதாவது ஆட்டம் வேணும், இவர்களுக்குக் காட்ட ஆள் வேணும். ஜாடிக்கேத்த மூடி.

அந்தப் புதுக்கூட்டணி ஆறே வருஷத்தில் என்ன செய்தது என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். 1985. முதல் 64 அணிப் போட்டி. பிக் ஈஸ்டில் இருந்த 9 அணிகளில் 6 உள்ளே. ஏசிசியிலிருந்து 5. கடைசி நாலில் மூன்று பிக் ஈஸ்ட்: ஜார்ஜ்டவுன், செயின்ட் ஜான்ஸ், வில்லனோவா. ஒரே கான்ஃபரன்ஸிலிருந்து மூன்று அணிகள் கடைசி நாலுக்கு வந்தது அதுவே முதல் தடவை. இதை எல்லாரும் சொல்வாங்க. ஆனா அந்த மூணும் யாரை ஜெயிச்சு அங்கே வந்தாங்கன்னு பாருங்க. ஜார்ஜ்டவுன் கடைசி எட்டில் ஜார்ஜியா டெக்கை வென்றது: 60-54. செயின்ட் ஜான்ஸ் என்சி ஸ்டேட்டை வென்றது: 69-60. வில்லனோவா வடக்கு கரோலினாவை வென்றது: 56-44. மூணு எதிரிகளும் ஏசிசி! போதாக்குறைக்கு வில்லனோவா அதற்கு முந்தின சுற்றில் மேரிலாந்தையும் வென்றிருந்தது. ஆக, எது பெருசு என்ற கேள்விக்கு ஒரே வாரத்தில், நேருக்கு நேர், நாலுக்கு நாலு என்று பதில் கிடைத்த வருஷம் அது. கனெக்டிகட் பையன் இதைச் சொல்லும்போதெல்லாம் எங்க பெரியவர் எழுந்து காபி குடிக்கப் போய்விடுவார்.

இறுதி ஆட்டம் ஏப்ரல் 1. பேட்ரிக் யூயிங் இருந்த ஜார்ஜ்டவுன்தான் நடப்புச் சாம்பியன். வில்லனோவா கான்ஃபரன்ஸில் 9 வெற்றி, 7 தோல்வி எடுத்த அணி. ஜார்ஜ்டவுனிடம் அந்த சீசனில் ஏற்கனவே இரண்டு முறை தோற்றிருந்தது. அன்றைக்கு மட்டும் 28 எறிந்து 22 உள்ளே போட்டது. 66-64. எட்டாம் தரநிலையில் வந்து கோப்பையை எடுத்த ஒரே அணி இன்றுவரை அதுதான். பலர் இதை அதிசயம் என்பார்கள். எனக்கு அப்படித் தோணலை. வருஷம் முழுக்க யூயிங்கையும், செயின்ட் ஜான்ஸின் கிறிஸ் மல்லினையும் எதிர்த்து ஆடி ஒன்பது ஜெயிச்சவனுக்கு, வெளியே இருக்கிற முதல் தர அணியைப் பார்த்து என்ன பயம் வரும்? ஒரு கான்ஃபரன்ஸின் பலத்தை அதன் உச்சியில் பார்க்கக் கூடாது, நடுவில் பார்க்கணும் என்பது என் கட்சி.

சரி, இதை எண்ணால் அளக்க முடியாதா? முடியும், ஆனால் ஒரு சிக்கல் இருக்கு. 16 அணிகள், ஆளுக்கு 18 கான்ஃபரன்ஸ் ஆட்டம் என்று வையுங்கள். மொத்தம் 144 ஆட்டம். 144 வெற்றி, 144 தோல்வி. அந்த 16 பேரும் உலகச் சாம்பியன்களாக இருந்தாலும் அதே 144, தெருப்பிள்ளைகளாக இருந்தாலும் அதே 144. உள்ளுக்குள் ஆடுவதை வைத்து ஒரு கூட்டணியை அளக்கவே முடியாது. வெளியாரோடு ஆடுவது பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில். ஜனவரிக்குப் பிறகு கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே அடித்துக்கொள்கிறார்கள். ஆக, நவம்பரில் போட்ட அளவுகோலை வைத்து மார்ச்சில் தீர்ப்பு.

1981-லிருந்து என்சிஏஏ பயன்படுத்திய அளவுகோலுக்கு ஆர்பிஐ என்று பெயர். உன் சொந்த வெற்றி விகிதத்துக்கு 25 சதவீதம், உன் எதிராளிகளின் வெற்றி விகிதத்துக்கு 50, எதிராளிகளின் எதிராளிகளுக்கு 25. பார்க்க நியாயமா இருக்கில்ல? ஆனா யோசிச்சா ஓட்டை தெரியும். ரொம்ப மோசமான ஓர் அணியை அடிச்சு நொறுக்கினாலும் உங்க எண் குறையலாம். பலசாலியிடம் உதை வாங்கினாலும் ஏறலாம். இன்னொன்று, கூட்டணியில் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல் நவம்பரில் வெற்றிகளைச் சேர்த்துவிட்டால், ஜனவரிக்குப் பிறகு ஒருவரோடு ஒருவர் ஆடும்போது எல்லாருடைய எதிராளிகளும் பலசாலிகளாகத் தெரிவார்கள். ஒருத்தர் முதுகை ஒருத்தர் சொறிந்துவிடுவது மாதிரி. 2006-ல் மிசூரி வேலி என்ற சின்னக் கான்ஃபரன்ஸுக்கு நாலு இடம் கிடைத்தபோது பெரிய ஆட்கள் எல்லாம் இப்படித்தான் குற்றம் சொன்னார்கள். என்ன ஆச்சு? அந்த நாலில் பிராட்லியும் விச்சிட்டா ஸ்டேட்டும் கடைசி 16 வரை போனார்கள். அதே வருஷம் இன்னொரு சின்னக் கூட்டணியிலிருந்து வந்த ஜார்ஜ் மேசன் கனெக்டிகட்டையே 86-84 என்று வீழ்த்திக் கடைசி நாலுக்குப் போனது. கனெக்டிகட் பையன் ரெண்டு நாள் ஆபீசுக்கு வரலை :-)

ஆர்பிஐயை 2018-ல்தான் தூக்கினார்கள். அதன் இடத்தில் நெட் என்ற புது அளவுகோல் வந்தது. முப்பத்தேழு வருஷம்!

எண்ணை நம்பாதவர்களுக்கு நேருக்கு நேர் பந்தயங்களும் இருந்தன. 1999-ல் ஆரம்பித்த ஏசிசி – பிக் டென் சவாலில் ஏசிசி தொடர்ந்து முதல் பத்து வருஷமும் ஜெயித்தது. பிக் டென் முதல் தடவை ஜெயித்தது 2009-ல். பெரியவருக்கு அது பொற்காலம். நடுவில் 2002-ல் அவருடைய மேரிலாந்தே தேசியச் சாம்பியன் ஆனது வேறு.

இந்த இடத்தில் கதை ஆட்டத்தை விட்டு வெளியே போகுது. 2003-ல் ஏசிசி பிக் ஈஸ்டிலிருந்து ஆள் பிடிக்க ஆரம்பித்தது. காரணம் கூடைப்பந்து இல்லை, அமெரிக்கக் கால்பந்து. கால்பந்து டிவிப் பணம் பல மடங்கு பெரிது. அப்போதிருந்த விதிப்படி 12 அணிகள் இருந்தால் ஒரு கால்பந்து இறுதிப் போட்டி நடத்தலாம், அதை விற்கலாம். மயாமி, வர்ஜீனியா டெக், பாஸ்டன் காலேஜ் மூணும் போய்விட்டன. இதில் ஒரு கூத்து: பிக் ஈஸ்ட் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து கோர்ட்டுக்குப் போனபோது வழக்குப் போட்டவர்களில் வர்ஜீனியா டெக்கும் ஒன்று. பாதி வழியில் ஏசிசி அவர்களையே கூப்பிட்டது. வழக்கை விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்துகொண்டார்கள்.

பிக் ஈஸ்ட் சும்மா இருக்கலை. 2005-ல் லூயிவில், சின்சினாட்டி, மார்கெட், டிபால், சவுத் ஃபுளோரிடா என்று ஐந்து பேரைச் சேர்த்து 16 அணிக் கூட்டணி ஆனது. பறிகொடுத்த பிறகுதான் அது இன்னும் பலமானது என்பது வேடிக்கை. 2009-ல் நாட்டின் நாலு முதல் தரநிலைகளில் மூன்று பிக் ஈஸ்ட். கடைசி எட்டில் நாலு, கடைசி நாலில் இரண்டு. கோப்பை மட்டும் வடக்கு கரோலினாவுக்கு, அதாவது ஏசிசிக்கு! அந்த வருஷம் யார் பெருசு? பெரியவரும் பையனும் ஜூன் மாசம் வரைக்கும் இதையே பேசினாங்க.

2011 இன்னும் சிக்கல். பிக் ஈஸ்டின் 16-ல் 11 அணிகள் உள்ளே போயின, அதுவரை யாருக்கும் கிடைக்காத எண்ணிக்கை. ஆனால் கடைசி 16-க்குப் போனது இரண்டே இரண்டு. எல்லாரும் சிரித்தார்கள், ஊதிப் பெருக்கிய கூட்டணி என்றார்கள். சிரிச்சவங்க சொன்னதுல நியாயம் இல்லாமலும் இல்லை. போன இரண்டும் தங்கள் கூட்டாளிகளையே வென்றுதான் போயின: மார்கெட் சிரக்யூஸை, கனெக்டிகட் சின்சினாட்டியை. வெளியாரை வென்று அந்தச் சுற்றுக்கு வந்த பிக் ஈஸ்ட் அணி ஒன்றுகூட இல்லை.

ஆனா அந்த கனெக்டிகட்டைப் பாருங்க. கான்ஃபரன்ஸில் 9 வெற்றி, 9 தோல்வி. ஒன்பதாவது இடம். பிக் ஈஸ்ட் போட்டியில் ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் ஆடி ஐந்தையும் ஜெயித்தது. கெம்பா வாக்கர் என்ற ஆள் அந்த அஞ்சு நாளும் ஆடினதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அப்படியே என்சிஏஏவில் ஆறையும் ஜெயித்து, இறுதியில் பட்லரை 53-41 என்று வென்று சாம்பியன். சொந்தக் கூட்டணியில் ஒன்பதாமிடம், நாட்டில் முதலிடம். 1985 வில்லனோவாவின் அதே கதை, இருபத்தாறு வருஷம் கழித்து. 1974 சட்டம் இருந்திருந்தால்? அந்த அஞ்சு நாளில் ஒரு நாள் சறுக்கியிருந்தாலும் வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள்.

இத்தனை பலமும் அந்தக் கூட்டணியைக் காப்பாத்தலை. அதே 2011 செப்டம்பரில் சிரக்யூஸும் பிட்ஸ்பர்கும் ஏசிசிக்குப் போவதாக அறிவித்தன. 2013-ல் ஜார்ஜ்டவுன், வில்லனோவா, செயின்ட் ஜான்ஸ் முதலிய ஏழு கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்கள் பிக் ஈஸ்ட் என்ற பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு தனிக்குடித்தனம் போயின. கனெக்டிகட்டை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. மிச்சமிருந்தவர்களோடு அமெரிக்கன் என்ற புதுக் கூட்டணியில் விடப்பட்டது. அங்கிருந்தபடியே 2014-ல் இன்னொரு தேசியக் கோப்பை. 2020-ல் பிக் ஈஸ்டுக்குத் திரும்பி வந்து 2023, 2024 என்று இன்னும் இரண்டு. ஒரு கான்ஃபரன்ஸால் அணி பெரிதாகிறதா, அணியால் கான்ஃபரன்ஸ் பெரிதாகிறதா என்று கேட்டால் இந்த ஊர்தான் ரெண்டு பக்கத்துக்கும் சாட்சி.

இப்போ மேரிலாந்துக்கு வருவோம். 1953-ல் ஏசிசியைத் தொடங்கியவர்களில் ஒன்றான மேரிலாந்து, 2014 ஜூலையில் பிக் டென்னுக்குப் போய்விட்டது. அதுவும் பணத்துக்காகத்தான், பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறை கடனில் இருந்தது, ஏற்கனவே ஏழு விளையாட்டு அணிகளைக் கலைத்திருந்தார்கள். டியூக் ஆட்டமும் போச்சு, வடக்கு கரோலினா ஆட்டமும் போச்சு. பெரியவர் அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார். போன் போட்டேன். "இனிமே நான் யார்கூட சண்டை போடறது?" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசலை. 1974-ல் அவர் மாணவர், கிரீன்ஸ்பரோவுக்கே போய்ப் பார்த்தவர் என்பதை அன்றைக்குத்தான் சொன்னார். இத்தனை வருஷம் பக்கத்து மேசையில் உட்கார்ந்தும் எனக்கு அது தெரியாது.

2024-ல் ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் ஏசிசியில் சேர்ந்தன. பேர் என்னமோ அட்லாண்டிக் கரை, ஊர் பசிபிக் பக்கம். அதே டிசம்பரில் எஸ்இசி என்ற தென்கிழக்குக் கான்ஃபரன்ஸ், கால்பந்துக்கே பேர் போனது, ஏசிசியோடு நடந்த நேருக்கு நேர் சவாலில் 14-2 என்று வென்றது. 2025 மார்ச்சில் அந்த எஸ்இசியின் 16 அணிகளில் 14 தேசியப் போட்டிக்குத் தேர்வாகின. 2011-ன் பதினொன்றை எல்லாம் தூக்கிச் சாப்பிட்டாச்சு. ஏசிசிக்கு நாலே நாலு. கோப்பையும் எஸ்இசியின் ஃபுளோரிடாவுக்கு, ஹூஸ்டனை 65-63 என்று வென்று.

அட்டவணை வந்த அன்று ராத்திரி பெரியவரிடமிருந்து போன். "பதினாலாமே? எங்களுக்கு ஒண்ணுதான் குடுத்தான்." அப்புறம் அவரே கேட்டார், "அந்த மிச்சம் ரெண்டு பேரு யாரு?"

பார்த்துச் சொன்னேன். ஒன்று லூசியானா ஸ்டேட். இன்னொன்று, 1991-லேயே எஸ்இசிக்குப் போயிருந்த சவுத் கரோலினா.